கோழி அடைகாத்த பெட்டியில் கடற்பூ

“அப்பிடி என்னத்தைக் கண்டனீங்கள் அங்கை?”

இந்தக் கேள்விக்கு எட்டு வயது. சுசிலா அதை மீன் வெட்டுகிறபோது கேட்பாள், அரிசி அரிக்கிறபோது கேட்பாள், பூசை முடிந்து வருகிற வழியில் புருஷனின் கதிரையைத் தள்ளிக்கொண்டே பின்னால் நின்றும் கேட்பாள். இன்னாசித்தம்பியின் பதிலும் மாறுவதில்லை.

“பூவைக் கண்டனான்.”

“பூவோ! தலையிலை வைக்கிற பூவோ, மாதாவுக்கு வைக்கிற பூவோ?”

“கடற்பூ. அதுக்குள்ளை ரெண்டு மீன்.”

“ரெண்டு மீனைப் பார்க்கவோ ரெண்டு காலைக் குடுத்தனீங்கள்?”

அதற்கு மேல் அவர் கதைக்கமாட்டார். சைக்கிள் சில்லுப் பூட்டிய கதிரையைத் தானே உருட்டிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். அளம்பில் கரையில் அவர்களுடைய வீடு. முன்கதவைத் திறந்தால் கடல். ஆனால் அவர் இருப்பது எப்போதும் பின்பக்கம், றோட்டையும் பனைகளையும் பார்த்தபடி.

நடந்தது ஊருக்கே தெரிந்த கதை. தொண்ணூறாம் ஆண்டு, இந்தியன் ஆமி போய், மறுபடி சண்டை தொடங்கமுன்னம் கிடைத்த அந்தக் கொஞ்ச மாதத்தில் கொழும்பு முதலாளி ஒருத்தர் காற்றுச் சிலிண்டர்களோடு வந்து இறங்கினார். கடலட்டை வேண்டும், கண்ணாடித் தொட்டியில் விடுகிற வடிவான மீன்களும் வேண்டும். அந்தக் கரையில் இன்னாசித்தம்பியை விடக் கெட்டிக்காரச் சுழியோடி இல்லை. முதுகில் சிலிண்டரோடு அவர் இறங்க, வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சுசிலாவின் தம்பி கொலின்ஸ்.

“நேரமாச்சுதெண்டு நான் கயிறை இழுத்தனான், அக்கா,” என்று கொலின்ஸ் இன்றைக்கும் சொல்வான். “அத்தான் திருப்பி இழுத்தவர். ‘கொஞ்சம் பொறு’ எண்டு அர்த்தம். பிறகும் இழுத்தனான். பிறகும் ‘பொறு’. அதுக்குப் பிறகு அவர் மேலை வந்தது மனிசர் வாற மாதிரி இல்லை. காத்து முடிஞ்சு, வெடி மாதிரி வந்தவர்.”

ஆழத்திலிருந்து அப்படி ஒரேயடியாக வரக்கூடாது. வந்ததால் உடம்புக்குள் காற்று அடைத்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போய்விட்டது. அட்டை பொறுக்கி முடிந்து, பை நிறைந்து, வேலை ஒன்றும் இல்லாமல் அவர் அங்கே நின்றது ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு. சுசிலாவுக்குப் பொறுக்க முடியாதது அதுதான். அலை அடித்திருந்தால் அலையை ஏசலாம். சுறா கடித்திருந்தால் சுறாவை ஏசலாம். பூவை எப்படி ஏசுகிறது?

அன்றைக்கும் அந்தச் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. கொலின்ஸ் வாசலில் குந்தியிருந்து பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

“அக்கா, காணாத சாமானுக்கு எத்தினை வருஷம் சண்டை பிடிப்பாய்?”

“கண்டால் மட்டும்?”

“கண்டிட்டுப் பிடி. அதிலை ஒரு நியாயம் இருக்கும். சோளகக் காத்துப் பிறந்திட்டுது, கடல் இப்ப பாய் விரிச்சமாதிரிக் கிடக்கு. கரைக்குக் கிட்டத் தண்ணிக்கடியிலை கிடக்கிற கல்லுப்பாருக்கு மூச்சுப் பிடிச்சுச் சுழியோடினாலே போதும். ஒரு பூவைக் கொண்டுவந்து தாறன்.”

“கொண்டுவந்து? தலையிலை வைக்கவோ?”

“அத்தானுக்கு முதலாளி விட்டிட்டுப் போன கண்ணாடிப் பெட்டி எங்கை?”

சுசிலா குசினியில் அடுப்புக்கு அந்தப்பக்க மூலையைக் காட்டினாள். மீனைப் பிடித்து வைக்க முதலாளி கொண்டுவந்த பெரிய கண்ணாடிப் பெட்டி அது. இப்போது அதற்குள் வைக்கோல், வைக்கோலின் மேல் பெட்டைக்கோழி, கோழியின் கீழே முட்டைகள். நாலு பக்கமும் கண்ணாடி என்றபடியால் கோழி வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்தபடி அடை கிடந்தது.

சுசிலா கடலோரம் பிறந்தவள். அப்பன் மீன்காரன், புருஷன் சுழியோடி. கடலின் முகம் அவளுக்கு அத்துப்படி. வயிறு? அதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. பெண்களை ஆர் சுழியோட விட்டார்கள்? திடீரென்று அவளுக்கு ஒரு ஆத்திரம் வந்தது.

“சரி. கொண்டு வா, பாப்பம். அப்பிடி ஒண்டும் இல்லையெண்டால் இந்த மனிசனோடை இனி ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன். மாதா மேல் ஆணை.”

பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. “வேண்டாம்! சாகடிக்கிறதுக்கோ? கரண்ட் எண்ட சொல்லையே மறந்த ஊரிலை மீன் தொட்டியாம்.”

“உங்களை ஆர் கேட்டது?” என்றாள் சுசிலா. கோழியைத் தூக்கினாள். அது கொத்தியது. முட்டைகளோடு பனையோலைக் கடகத்துக்கு மாற்றினாள். “தம்பி, பெட்டியைக் கழுவி இந்தக் குசினி மூலையிலேயே வைப்பம். நிழலாய்க் குளிர்மையாய் இருக்கும்.”

“நிழலிலை வைச்சால் செத்துப்போகும்!” பின்பக்கத்துக் குரல் இன்னும் கிட்ட வந்திருந்தது.

“அப்ப சவுக்காரம் போட்டு நல்லாய்க் கழுவி...”

“சவுக்காரம் பட்டால் அதைவிடக் கெதியாய்ச் செத்துப்போகும்!”

“சவுக்காரத்துக்கு நான் எங்கை போறது? தங்கத்தையும் அதையும் ஒரே தராசிலை நிறுக்கிறாங்கள்,” என்று சிரித்தான் கொலின்ஸ்.

சில்லுச் சத்தம் கேட்டது. இன்னாசித்தம்பி குசினி வாசலில் வந்து நின்றார். முகம் முழுக்கக் கோபம்.

“பெட்டி முன்வாசலிலை இருக்கவேணும். காலமை வெய்யில் நேரை விழவேணும். மத்தியானம் மேலை சாக்குப் போடவேணும். அந்தப் பூ எங்களை மாதிரித் திண்டு மட்டும் சீவிக்கிறதில்லை. வெய்யிலையும் தின்னும். விளங்குதே?”

“வெய்யிலைத் தின்னுமோ?” என்றாள் சுசிலா.

“ஓம். மரம் மாதிரி.”

கொலின்ஸ் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பெட்டியைச் சாம்பல் போட்டு உரசி, கடல்தண்ணியால் அலசினார்கள். அலை உடைகிற இடத்துக்கு வெளியே போய்த் தண்ணி எடுத்துவந்து கொலின்ஸ் நிரப்பினான். அடியில் கடல் மணல், கரையோடு இரண்டு மூன்று கல்லு. இனிக் காற்று. மீனும் மூச்சுவிட வேண்டுமே. அதற்கும் வழி சொன்னவர் இன்னாசித்தம்பி: ஒரு பழைய லொறி ரியூப். அதைச் சைக்கிள் பம்மால் ஊதி, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, வாயில் ஒரு சேலைன் குழாயைச் செருகினால், குழாயில் இருக்கிற சின்னச் சில்லைத் திருப்பித் திருப்பிக் காற்றை வேண்டியளவு விடலாம். குழாயின் மற்ற நுனியில் முருக்கமரக் கட்டைத் துண்டு. அதன் துளைகளால் காற்று மணிமணியாக வரும்.

“இந்தக் குழாயாலைதான் ஆஸ்பத்திரியிலை எனக்குத் தண்ணி ஏத்தினவங்கள்,” என்றார் இன்னாசித்தம்பி. “அலுமாரிக்குள்ளை கிடந்தது. எதுக்கெண்டு தெரியாமலே வைச்சிருந்தனான்.”

ரியூப் அடிக்கடி சூம்பும். பம் அடிக்கிற வேலையை அவர் தன்னிடம் எடுத்துக்கொண்டார். கால் போனவருக்குக் கையில் இரண்டு பேர் பலம். அதற்காகக் கதிரையை முன்வாசலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கடலைப் பார்க்காதமாதிரி, முகத்தைப் பெட்டிப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார்.

கொலின்ஸ் முதல் கொண்டுவந்த பூ வெள்ளை. வாளிக்குள் எட்டிப் பார்த்த சுசிலா வாயைப் பொத்தினாள். பால் வெள்ளை. விரல் விரலாக, ஒவ்வொரு விரல் நுனியிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.

“மாதாவே! வெள்ளைச் சட்டையோடை கோயிலுக்கு முதல் நன்மை எடுக்கப் போற பிள்ளை மாதிரி இருக்கு.”

இன்னாசித்தம்பி குனிந்து பார்த்தார். “இது நோய்க்காரி. கொண்டுபோய் எடுத்த இடத்திலையே விடு.”

“அத்தான்! இருந்ததுக்குள்ளை வடிவானதைத் தேடி எடுத்தனான்.”

“அதுதான் பிழை. வெள்ளை எண்டது இதுக்கு வடிவில்லை, வெளிறல். உடம்பிலை இருக்கவேண்டிய மண்ணிறம் போயிட்டுது. அந்த மண்ணிறம்தான் வெய்யிலைச் சாப்பாடாக்கிறது. அது போனால் பட்டினிதான். கடலிலை விட்டால் சிலவேளை தப்பும். பெட்டிக்குள்ளை தப்பாது.”

“பொம்பிளை பாக்கப் போனமாதிரி வெள்ளையைத் தேடியிருக்கிறான்,” என்றாள் சுசிலா. கொலின்ஸுக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை.

“போ அக்கா. நீ மட்டும் இப்ப மாதா எண்டு கத்தேல்லையே?”

இரண்டாவது பூ மண்ணிறம்தான். ஆனால் வாளிக்குள் அது ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. நடுவில் இருக்கிற வாய் ஆவென்று திறந்திருந்தது. இன்னாசித்தம்பி கையை நனைத்து, அதை மெல்லப் புரட்டினார். அடிப்பக்கம் கிழிந்திருந்தது.

“இழுத்தனியோ?”

“கொஞ்சம்... அது விடுகுதில்லை, அத்தான். கல்லைப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது. எனக்கும் மூச்சு முடியுது.”

“டேய், அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு கால். அதை நீ கிழிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்.” சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். கொலின்ஸ் நிலத்தைப் பார்த்தான். சுசிலா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவர் குரல் தணிந்து வந்தது. “இழுக்கக்கூடாது, தம்பி. கல்லிலை பிடிச்சிருக்கிறதை விடு. மணலுக்குள்ளை கால் புதைச்சு நிக்கிறதைப் பார். விரலாலை மணலைத் தோண்டி, அடியைச் சுத்தி மெல்லக் கூச்சம் காட்டு. அது தானாய் விடும். மேலை வாறது, போறது, பத்துத் தரம் மூச்செடு. அவசரப்படாதை. வாய் இறுக்கி மூடியிருக்கவேணும், நிறம் மண்ணிறமாய் இருக்கவேணும், விரலைக் கிட்டக் கொண்டுபோனால் பிசின் மாதிரி ஒட்டவேணும். ஒட்டாததை எடுக்காதை.”

மூன்றாவது பூவைக் கொண்டுவர அவனுக்கு நாலைந்து நாள் பிடித்தது. தூரத்தில் நேவிக்காரன் தெரிந்த நாட்களில் ஒருத்தரும் கடலில் இறங்கவில்லை. கடைசியில் கொண்டுவந்தது ஒரு அழுக்குக் கம்பளித் துண்டுமாதிரி இருந்தது. சுருண்டு, மண்ணிறமாக, ஒரு கவர்ச்சியும் இல்லாமல்.

“இதுவோ?” என்றாள் சுசிலா. “இதுக்கோ?”

“இதுதான்,” என்றார் இன்னாசித்தம்பி. விரலை நீட்டினார். அது அவரது விரலைப் பிடித்தது. அவர் விரலை எடுக்காமல் கனநேரம் அப்படியே இருந்தார்.

பெட்டிக்குள் விட்டபோது அது ஒரு மூலையில் கிடந்தது. சுசிலா நடுவில் எடுத்து வைக்கப் போனாள்.

“தொடாதை. தன்ரை இடத்தை அது தானே பாக்கும்.”

“பூ நடக்குமோ?”

“இரு, பார்.”

மத்தியானம் பார்த்தபோது அது மூலையில் இல்லை. கல்லைச் சுற்றி வந்திருந்தது. பின்னேரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காலை சுசிலா கதவைத் திறக்கையில், கடலுக்கு மேலே வந்த வெய்யில் அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போய் விழுந்தது. கல்லும் மணலும் சந்திக்கிற இடத்தில், வெய்யிலுக்கு நேரே, அந்தக் கம்பளித் துண்டு திறந்திருந்தது.

அவள் கையில் விளக்குமாறு இருந்தது. அது இருக்கிறதை மறந்துபோனாள்.

ஒரு சாப்பாட்டுக் கோப்பையளவு அகலம். அதில் எண்ண முடியாத விரல்கள். பொன்னும் மண்ணுமாக ஒரு நிறம், நுனிகளில் கத்தரிப்பூ. பெட்டிக்குள் வீசுகிற காற்றில்லை, ஆனால் சோளகம் அடித்த நெல்வயல் மாதிரி அது ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு விரலுக்குள்ளும் வெய்யில் புகுந்து நின்றது. இது கடலுக்கடியில் எல்லா நாளும் இப்படித்தான் நின்றிருக்கிறது. அவள் அதற்கு மேலே முகம் கழுவியிருக்கிறாள், துணி அலசியிருக்கிறாள், அப்பனுக்காக அழுதிருக்கிறாள்.

“என்ன?” என்று பின்னால் கேட்டார் இன்னாசித்தம்பி.

“ஒண்டுமில்லை,” என்றாள் சுசிலா. விட்டுக்கொடுக்க மனமில்லை. “பரவாயில்லை. பூ மாதிரித்தான் இருக்கு. மீன் எங்கை?”

“மீன் பிறகு. முதல் பூ வேரூன்றட்டும். அது சுகமாய் இருந்தால்தான் மீனுக்கு வீடு.”

பின்வளவுக் கமலாட்சி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி ஊற்றிவிட்டு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிறகு உள்ளேயே வந்துவிட்டாள். மலையகத்திலிருந்து பெற்றோரோடு வன்னிக்கு வந்து தோட்டம் செய்கிற மனுசி. கடலோரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் கடலைக் கண்டால் இன்னும் ஒதுங்கித்தான் நிற்பாள்.

“என்னாக்கா இது? பூவுக்குப் போய் இறால் ஊட்டுறீங்க?”

சுசிலா ஈர்க்கு நுனியில் இறால் துண்டைக் குத்தி நீட்டினாள். ஒரு விரல் அதைப் பிடித்தது. பக்கத்து விரலுக்குக் கொடுத்தது. அது அடுத்ததுக்கு. கலியாணப் பந்தியில் கைமாற்றிக் கொடுக்கிறமாதிரி நடுவுக்குக் கொண்டுபோய், வாய் திறந்து, உள்ளே போனது.

“ஐயோ சாமி! பல்லு இல்லாமத் திங்குதே!”

“கனக்கக் குடுக்காதை,” என்றார் இன்னாசித்தம்பி. “நகத்தளவு காணும். மிஞ்சினால் தண்ணி பழுதாப்போகும்.”

“எங்க வீட்டுக்காரருக்கும் இதையேதான் சொல்றேன், கேக்கமாட்டேங்குறாரு,” என்றாள் கமலாட்சி.

தண்ணியோடு சேர்ந்து வந்த ஒரு சின்ன மீன்குஞ்சு அந்த நேரம் பூவின் பக்கம் போனது. ஒரு விரல் பட்டது. அவ்வளவுதான், குஞ்சு விறைத்துப்போனது. சுசிலா பயந்து பின்னால் நகர்ந்தாள்.

“இதுக்குள்ளையோ மீன் இருக்கிறது? இது கொல்லுதே!”

“எல்லா மீனையும் கொல்லும். அந்த மீனை மட்டும் கொல்லாது.”

“ஏன்?”

“அதைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்,” என்றார் அவர்.

சோளகம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பகல் முழுக்கக் காய்ந்த காற்று. பெட்டித் தண்ணி நாளுக்கு நாள் இறங்கும். இறங்கின அளவுக்குச் சுசிலா குடத்தில் கடல்தண்ணி மொண்டுவந்து ஊற்றுவாள். இப்படிக் கொஞ்ச நாள் போனது. பிறகு ஒருநாள் பூ பாதிதான் திறந்தது. அடுத்த நாள் அதிலும் பாதி. இறாலைப் பிடித்தது, பிறகு துப்பிவிட்டது. விரல்கள் சூம்பி, காய்ந்த திராட்சைப்பழம் மாதிரி ஆயின.

இன்னாசித்தம்பி பம் அடித்தார், இன்னும் பம் அடித்தார். சாக்கை எடுத்தார், போட்டார். கடைசியில் பம்மைக் கீழே வைத்தார்.

“கொலின்ஸிட்டைச் சொல்லு. கொண்டுபோய் விடட்டும்.”

“விட்டால்?”

“கடல் பாத்துக்கொள்ளும். நான் முதலே சொன்னனான், வேண்டாமெண்டு.” கதிரையைப் பின்பக்கம் திருப்பினார்.

சுசிலா இன்னும் மீனைக் காணவில்லை. பூவைக் கண்டிருக்கிறாள், அவ்வளவுதான். பாதிக் கதையோடு இது போய்விட்டால் இனிச் சாகும்வரை அந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கவேண்டும். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அதை நினைக்கக் களைப்பாக இருந்தது.

“நாளைக்குப் பாப்பம்,” என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, முதல்நாள் வைத்த தேங்காய்ப்பால் சொதியைச் சூடாக்கினாள். கை கவனமில்லாமல் கனநேரம் அடுப்பில் விட்டுவிட்டாள். கொலின்ஸ் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அக்கா, உப்புக் கரிக்குது.”

“நேற்று நல்லாயிருந்தது எண்டு நக்கி நக்கித் திண்டனி.”

“இண்டைக்கு உப்புப் போட்டிருக்கிறாய்.”

“ஒரு கல்லும் போடேல்லை. வத்திப்போச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணி விட்டால் சரி...”

சொல்லிக்கொண்டே தண்ணிச் செம்பை எடுத்தவள் செம்போடு நின்றுவிட்டாள். பிறகு எழுந்து முன்வாசலுக்குப் போனாள். கண்ணாடி விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு பூத்திருந்தது. எத்தனை நாளாக அதைத் துடைக்கவேண்டும் என்று நினைத்தாள்! விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஆனையிறவு உப்பளத்து உப்புமாதிரிச் சுத்த உப்பு. பெட்டித் தண்ணியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். ஓடிப்போய்க் கடலில் ஒரு கை அள்ளி வைத்துப் பார்த்தாள். திரும்பி ஓடிவந்தாள்.

“இஞ்சருங்கோ! பெட்டித் தண்ணி கடலைவிட உப்பு!”

“விசர்க் கதை. கடல்தண்ணிதானே ஊத்தினது.”

“அதுதான் பிழை! தண்ணி போகுது, உப்புப் போகேல்லை. நான் பிறகும் பிறகும் உப்பையே ஊத்தியிருக்கிறன். நல்ல தண்ணி விடவேணும். கிணத்துத் தண்ணி.”

இன்னாசித்தம்பி கதிரையோடு பாய்ந்து வந்தார். “கிணத்துத் தண்ணியோ? தொடாதை! மாரியிலை ஆத்துவாய் உடைச்சு வெள்ளம் கடலுக்கை வந்தால் என்ன நடக்கிறது, நீ காணேல்லையே? மீன் எல்லாம் செத்து மிதக்கும். கடல் சாமானுக்கு நல்ல தண்ணி நஞ்சு. என்ரை அப்பு சொன்னது, அவற்றை அப்பு சொன்னது.”

“அவையள் எல்லாம் சரியாய்த்தான் சொன்னவை. ஆனால் அவையளிலை ஆராவது கடல் வத்திக் கண்டவையோ?”

அவர் கதிரைச் சில்லை ஒருதரம் பின்னுக்கு உருட்டினார்.

“உங்களுக்குக் கடல் தெரியும். ஓம், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இது கடல் இல்லை. இது சட்டி. சட்டியைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ.”

கொலின்ஸ் சொதிக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “அத்தான், அதிலை அக்காவை வெல்ல ஏலாது.”

இன்னாசித்தம்பி பெட்டியைப் பார்த்தார். சூம்பிப் போன பூவைப் பார்த்தார். “ஒரேயடியாய் ஊத்தாதை,” என்றார். “ஆழத்திலை இருந்து ஒரேயடியாய் மேலை வந்தமாதிரிப் போகும். மெல்ல மெல்ல வரவேணும்.”

“எப்பிடி மெல்ல?”

அவர் சேலைன் குழாயைக் காட்டினார். “இதுக்குச் சோடி ஒண்டு அலுமாரியிலை கிடக்கு.”

கமலாட்சியின் கிணற்றுத் தண்ணி மருந்துக்குக்கூட உப்பில்லாதது. ஒரு போத்தலில் அதை நிரப்பி, கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டு, குழாயின் சில்லை இறுக்கினார்கள். சொட்டு, சொட்டு. ஒரு நோயாளியின் கட்டிலடியில் இருக்கிறமாதிரி இரண்டு பேரும் பெட்டியின் இரு பக்கமும் இருந்தார்கள். சுசிலா இடைக்கிடை விரலைத் தோய்த்து நாக்கில் வைப்பாள். “இன்னும் கரிக்குது.” அடுத்த நாள்: “குறையுது.” அதற்கடுத்த நாள் அவள் கடலையும் பெட்டியையும் மாறி மாறி ருசி பார்த்தாள். “இப்ப ஒண்டுதான்.”

“ஊரிலை எல்லாரும் சொதிக்கு உப்புப் பாப்பினம். எங்கடை அக்கா கடலுக்கு உப்புப் பாக்கிறா,” என்றான் கொலின்ஸ்.

பூ அன்றைக்குத் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு காலையில், சுசிலா அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து கதவைத் திறக்க, பூ முன்னிலும் பெரிதாக விரிந்து கிடந்தது. அவள் விரலை விட்டாள். பிசின்மாதிரி ஒட்டியது. “ஒட்டுது!” என்று கத்தினாள். கடகத்துக்குள் இருந்த கோழி எழும்பி நின்று கொக்கரித்தது.

மீன்களைக் கொலின்ஸ் ஒரு சின்ன வலைத்துண்டால் வேறொரு பூவிலிருந்து பிடித்து வந்தான். இரண்டு மீன். கறுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டி, மஞ்சள் வால். ஒன்று பெரிது, மற்றது அதில் பாதி.

“பெரிசு பொம்பிளை,” என்றார் இன்னாசித்தம்பி. “சின்னன் புருஷன். அவா சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு பின்னாலை திரிவார்.”

“இதைப் பார்க்கக் கடலுக்கடியிலை போகத் தேவையில்லையே, அத்தான்,” என்றான் கொலின்ஸ்.

சிரிப்பு அடங்கமுன்னம் மீன்கள் பெட்டிக்குள் போய்விட்டன. எதிர்மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கின. இந்தப் பூ அவற்றுக்குப் புதுசு. சுசிலா அரிசியைக் கழுவி உலையில் போட்டுவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் மண்ணில் இருந்தாள்.

“போகுதில்லையே.”

“பொறு.”

பெரிய மீன் மூலையை விட்டு வந்தது. பூவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு வாலை மட்டும் நீட்டி, ஒரு விரல் நுனியைத் தொட்டது. விரல் அதைப் பிடித்தது. மீன் உதறிக்கொண்டு பறந்தது.

“குத்திப்போட்டுது!” என்றாள் சுசிலா. “தம்பி, எடடா மீனை! தின்னப்போகுது!”

“எடுக்காதை,” என்றார் இன்னாசித்தம்பி மெல்ல.

மீன் திரும்பி வந்தது. இந்த முறை வயிற்றால் உரசியது. மறுபடி பிடி, மறுபடி உதறல். திரும்பி வந்தது. உரசியது. கொல்லத் தெரிந்த ஒன்றிடம் ஒரு சின்னப் பிராணி, நீ என்னைக் கொல்லாமல் விடு, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழகுவம் என்று கேட்டுக் கேட்டுப் போகிறமாதிரி இருந்தது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தன்னைக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் பூ இன்னும் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. வெய்யில் பெட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்தது. கொலின்ஸ் எழுந்து போனான், வந்தான், என்னமோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

பிறகு பெரிய மீன் ஒரு கணம் பூவுக்கு மேலே நின்றது. தலையைக் குனிந்து, அப்படியே நடுவுக்குள் விழுந்தது. ஆயிரம் விரலும் அதற்கு மேல் மூடின.

சுசிலா முழந்தாளில் எழும்பிக் கண்ணாடியோடு முகத்தை வைத்தாள்.

விரல்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பட்டி தெரிந்தது. ஒரு மஞ்சள் வால். பிறகு முகம். பாயை இழுத்துப் போர்த்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற பிள்ளைமாதிரி, அந்த மீன் கொல்கிற விரல்களைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தது. புரண்டது. குளித்தது. சின்ன மீன் ஓரத்தில் தவித்துத் தவித்து நின்று, அதுவும் மெல்ல வாலை நீட்டியது.

“சுசிலாக்கா!” வேலிக்கு அப்பால் கமலாட்சியின் குரல். “என்னமோ தீயுது! ஒங்க வீட்டுலதான்!”

“சுசிலா,” என்றார் இன்னாசித்தம்பி. “சோறு.”

அவள் அசையவில்லை. சின்னது இப்போது வயிற்றால் உரசிக்கொண்டிருந்தது.

“சுசிலா, சோறு அடிப்பிடிக்குது.”

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே. “சின்னனும் உள்ளை போகட்டும்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இன்னாசித்தம்பி பெட்டியைப் பார்க்கவில்லை. கை பம்மில் இருந்தது. பெட்டிக்கு மேலால் அவரது கண் கடலில் இருந்தது. கொலின்ஸ் குசினிப் பக்கம் ஓடினவன், கயிற்றில் வந்த அந்தச் சொல்லைக் கேட்டு நடுவழியில் நின்றிருந்தான்.

முருக்கங்கட்டையிலிருந்து மணிமணியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

சின்ன மீனும் உள்ளே போனபிறகுதான் சுசிலா எழும்பினாள்.

பானையின் அடி கரியாகியிருந்தது. மேலால் வழித்து மூன்று கோப்பையில் போட்டாள். எல்லாவற்றிலும் புகை மணம். கொலின்ஸ் மோந்து பார்த்தான்.

“அக்கா, இதைக் கோழியும் தின்னாது.”

“தின்னடா. நான் கொஞ்சம் பாத்துக்கொண்டு மினைக்கெட்டுப்போனன்,” என்றாள் சுசிலா. “ஏன், மனிசர் மினைக்கெடக் கூடாதோ?”

இன்னாசித்தம்பி தன் கோப்பையை வழித்துத் தின்றுவிட்டு மறுபடி நீட்டினார். அவள் போட்டாள். பிறகு தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு, பலகைக்கட்டை ஒன்றை இழுத்து, அவரது கதிரைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி போட்டு இருந்தாள்.

“ஏனப்பா,” என்றாள். “அங்கை நீங்கள் கண்டது இதைவிடப் பெரிசோ?”

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சோற்றுக் கோப்பை மடியில் சரிந்தது.

“அம்மாடி!” என்றாள் சுசிலா. “சொல்லுங்கோ. முதலிலை இருந்து சொல்லுங்கோ.”